இடுப்பு வலிக்கு ஆஸ்டியோபதியா, பிசியோதெரபியா?

பிரிட்டனில் இடுப்பு பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். பிசியோதெரபி அரசு மருத்துவச் சேவையில் இலவசம், ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். தசையையும் மூட்டையும் கையாலேயே அழுத்தி, அசைத்துச் செய்யும் ஆஸ்டியோபதிக்குப் பெரும்பாலும் கைக்காசுதான் போகும்.

ஆஸ்டியோபதியை 1874இல் அமெரிக்காவில் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். அங்கே இதைப் படித்தவர்கள் முழு டாக்டர்கள். அறுவை சிகிச்சையும் செய்யலாம். பிரிட்டனில் அப்படி இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தவர்கள்தான் 'ஆஸ்டியோபத்' என்ற பெயரையே போட்டுக்கொள்ள முடியும். உங்களைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, இறுகிய இடத்தை அழுத்தி, மூட்டை மெல்ல அசைப்பார்கள். சில சமயம் 'மடக்' என்று சத்தம் வரும். பயப்பட வேண்டாம், எலும்பு நகரவில்லை. மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழிதான் காரணம். எழுந்ததும் பலருக்கு உடம்பு லேசாக இருக்கும்.

பிசியோவில் அந்த உடனடி சுகம் குறைவு. மல்லாந்து படு, முழங்காலை மடக்கு, இடுப்பைத் தூக்கு, பத்து எண்ணு என்று தினமும் வீட்டுப்பாடம். ஆனாலும் நான் இதன் பக்கம்தான். கைச்சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்றுதான் எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று அங்கே பரிந்துரைக்கும் 'நைஸ்' (NICE) அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது.

அப்புறம், தொடை இடுக்கு மரத்துப்போய், சிறுநீர் கட்டுப்படாமல் போனால் இரண்டுமே வேண்டாம். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.