பழைய டெஸ்க்டாப்பில் கிட்லேப் ரன்னர்: ஆறு மாத அனுபவம்

கிருஷ்ணகிரி பழையபேட்டை வீட்டில் தூசி பிடித்துக் கிடந்த 8 ஜிபி டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டு கிட்லேப் ரன்னரை (கிட்லேப் சர்வர் தரும் வேலைகளை, அதாவது ஜாப்களை, நம் கணினியில் ஓட்டும் புரோகிராம்) ஏற்றினேன், மாம்பழக்கூழ் ஆலைக்கு நாங்கள் செய்யும் ஸ்டாக் ஆப்பின் பில்ட் (நிரலை ஓடும் ஆப்பாக மாற்றும் வேலை) எல்லாம் இப்போது இதில்தான் ஓடுகிறது. ரன்னரே சர்வரிடம் போய் வேலை கேட்டு வாங்கி வருவதால் ரவுட்டரில் போர்ட் திறக்கவோ நிலையான ஐபி வாங்கவோ தேவையில்லை, வீட்டு பிராட்பேண்டுக்கு வேறென்ன வேண்டும்! முதல் நாள் ஜாப்கள் ஒவ்வொன்றாகத்தான் நகர்ந்தன. கான்ஃபிக் கோப்பில் கன்கரன்ட் (ஒரே நேரத்தில் ஓடும் ஜாப்களின் எண்ணிக்கை) 1 என்று இருந்ததை 2 ஆக்கினேன், சரியாகிவிட்டது.

பாஸ்வேர்ட், டோக்கன் போன்றவற்றை கிட்லேபில் வைத்து ஜாப்களுக்குக் கொடுக்கும் வேரியபிள்தான் பாடாய்ப் படுத்தியது. டெப்ளாய் டோக்கனுக்கு (ரகசியச் சாவி மாதிரி) 'புரொடெக்டட்' டிக் போட்டுவிட்டு, ஃபீச்சர் பிராஞ்சில் (புது வசதிக்கான தனி நிரல் கிளை) ஏன் காலியாக வருகிறது என்று ராத்திரி பதினொரு மணி வரை மண்டையைக் குடைந்தேன். அந்த டிக் இருந்தால் புரொடெக்டட் (பாதுகாக்கப்பட்ட) பிராஞ்சுக்கும் டேகுக்கும் (நிரலின் ஒரு நிலைக்கு இடும் பெயர்க்குறி) மட்டும்தான் மதிப்பு போகும். தப்பு என்னுடையதுதான், படிக்காமல் டிக் அடித்தால் இப்படித்தான். அப்புறம், எட்டு எழுத்துக்குக் குறைந்த பாஸ்வேர்டை மாஸ்க் செய்ய (ஜாப் பதிவில் தெரியாமல் மறைக்க) கிட்லேப் விடாது. எங்கள் பழைய ஆறெழுத்து பாஸ்வேர்ட் அன்றோடு ஒழிந்தது.

கரண்ட் போனால் பில்ட் அம்போதான், யுபிஎஸ் வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள்.