அவுஸ்திரேலியா போகிறவர்களுக்கு: பல வருடம் எஸ்பிஎஸ் பார்த்தவனின் அனுபவம்

வெள்ளவத்தையில் யாரைக் கேட்டாலும் ஒரு பிள்ளை சிட்னியில், இன்னொன்று மெல்பேர்னில் என்கிறார்கள். மூன்று மாத விசாவில் போய்வரும் அப்பா அம்மாமாருக்கு முதல் இரண்டு வாரம் கோயில், கடற்கரை, சொந்தக்காரர் வீடு என்று போய்விடும். அப்புறம் மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் துணைக்கு இருப்பது ரிமோட் மட்டும்தான். அங்கே ரீவியில் என்ன பார்க்கலாம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். சிட்னியின் மேற்குப் பக்கம் பென்டில் ஹில்லில் பல வருடம் இருந்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பியவன் நான். அந்த வீட்டில் அதிகம் ஓடியது எஸ்பிஎஸ்.

எஸ்பிஎஸ் அரசாங்கப் பணத்தில் நடக்கும் பொது ஒளிபரப்பு. ஏபிசி ஒன்று, இது இன்னொன்று. தொடங்கிய கதையே சுவாரசியமானது. 1975இல் மெடிபாங்க் என்ற புதிய மருத்துவக் காப்புறுதியைக் கொண்டுவந்தார்கள், ஆனால் ஆங்கிலம் தெரியாத குடியேறிகளுக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது என்று பார்த்து, சிட்னியிலும் மெல்பேர்னிலும் இரண்டு சிறிய வானொலி நிலையங்களைப் பரீட்சார்த்தமாகத் திறந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இவ்வளவும். தொலைக்காட்சி 1980 ஒக்டோபர் 24ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் தினத்தில் ஆரம்பமானது. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதன் வேலை என்ன என்று எழுதியிருக்கிறது: பல மொழிகளில், பல பண்பாடுகளைக் காட்டும் ஒலி, ஒளிபரப்பை நடத்த வேண்டும், அது எல்லா அவுஸ்திரேலியர்களுக்கும் சேர வேண்டும். அந்த 'எல்லா' தான் முக்கியம். கிரேக்கருக்குக் கிரேக்கம், தமிழருக்குத் தமிழ் என்று ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுக்கும் வேலையோடு அது நிற்கவில்லை.

இது எனக்கு விளங்கியது ஒரு நாயால். வியன்னா பொலிஸில் வேலை செய்யும் ரெக்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் துப்பறியும் ஒஸ்திரியத் தொடர் ஒன்று எஸ்பிஎஸ்ஸில் ஓடியது. பேச்செல்லாம் ஜெர்மன், கீழே ஆங்கில எழுத்து. மாமி அப்போது எங்களோடு வந்து நின்றவ. ஆங்கிலம் வாசிப்பா, ஆனால் இரண்டாவது வரியை வாசித்து முடிக்க முன் எழுத்து மாறிவிடும். முதல் கிழமை எரிச்சல்பட்டா, இரண்டாம் கிழமை வாசிப்பதையே விட்டுவிட்டா. அந்த நாய் பொலிஸ்காரர்களின் கையிலிருந்து பன்றி இறைச்சி வைத்த பணிஸைத் திருடும் இடம் வந்ததும் சைவக்கார மாமி விழுந்து விழுந்து சிரிப்பா, சத்தம் அடுத்த வீட்டுக்கே கேட்கும். அடுத்த வீட்டில் இருந்தது ஒரு லெபனான் குடும்பம், அவர்களும் அதே நேரம் அதே நாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த நாள் வேலியடியில் அந்த வீட்டு அம்மாவும் மாமியும் ஆளுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கதைத்ததெல்லாம் ரெக்ஸைப் பற்றித்தான்.

கொழும்பில் இருந்துகொண்டு இதை யோசித்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சல் வரும். ரூபவாஹினி தொடங்கியது 1982 பெப்ரவரி 15இல், எஸ்பிஎஸ் தொலைக்காட்சிக்கு ஒன்றரை வருடம்கூடப் பிந்தவில்லை, ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனால் நம் நாட்டில் காலப்போக்கில் மொழிக்கொரு செனல் என்று பிரிந்துவிட்டது. ரூபவாஹினியின் பக்கம் தமிழுக்கு நேத்ரா, ஐடிஎன் பக்கம் வசந்தம். தமிழுக்கு மணித்தியாலங்கள் கூடியது நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. சிங்களம் தெரிந்த கொழும்புத் தமிழர் நாங்கள் சிங்கள நாடகம் பார்த்தே வளர்ந்தோம், அம்மாவுக்கு எந்த நாடகத்தில் யார் யாருக்கு மருமகள் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் தமிழில் ஒரு நல்ல நாடகம் எடுத்தால் மேல்மாடியில் இருக்கும் சிங்களக் குடும்பம் அதை எப்படிப் பார்க்கும்? கீழே இரண்டு வரி சிங்களம் போட்டால் போதும். ஆள் வேண்டும், பணம் வேண்டும், தெரியும். எஸ்பிஎஸ் அதற்கென்றே தனிப் பிரிவு வைத்து, வேலை கொடுத்து, பல வருடங்களாகச் செய்துவருகிறது.

உதைபந்தாட்டம் தனிக் கதை. மற்றச் செனல்கள் றக்பியும் கிரிக்கெட்டும் காட்டிய காலத்தில் குடியேறிகளின் விளையாட்டு என்று ஒதுக்கப்பட்டதை இவர்கள்தான் தூக்கிப் பிடித்தார்கள். அதன் முகம் லெஸ் மரே, ஹங்கேரியிலிருந்து சிறுவயதில் அகதியாக வந்த மனிதர். 2017இல் அவர் இறந்தபோது அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தினார்கள், விளையாட்டு அறிவிப்பாளர் ஒருவருக்கு! 2006 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவும் இத்தாலியும் மோதிய இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிட்னியில் அப்போது அதிகாலை ஒரு மணி, ஜூன் மாதக் குளிர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முடிகிற நேரத்தில் இத்தாலிக்குப் பெனால்டி கிடைத்து, டொட்டி அதை அடித்துவிட்டார். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் லைட் எரிந்து கைதட்டல் கேட்டது, மற்ற வீடெல்லாம் செத்த வீடு. 2022 உலகக் கிண்ணத்தின் 64 ஆட்டத்தையும் அதே செனல் இலவசமாகக் காட்டியது. இங்கே காசு கட்டிப் பார்த்தவர்கள் பெருமூச்சு விடலாம். கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு தகவல், 2005 இங்கிலாந்து ஆஷஸ் தொடரையும் எஸ்பிஎஸ்தான் காட்டியது.

ஜூலையில் போனால் பிரான்ஸ் சைக்கிள் ஓட்டத்தைத் தவறவிடாதீர்கள். எனக்கு சைக்கிள் ஓட்டத்தில் ஆனா ஆவன்னா தெரியாது. ஹெலிகொப்டரிலிருந்து சூரியகாந்தித் தோட்டத்தையும் மலையையும் பழைய கோட்டைகளையும் காட்டுவார்கள், அதுவே போதும்.

இலங்கைத் தமிழனாக என்னை உலுக்கியது 2011இல் மூன்று இரவு ஓடிய ஒரு தொடர். ஆறு சாதாரண அவுஸ்திரேலியர்களின் கைப்பேசி, பணம், கடவுச்சீட்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, அகதிகள் வந்த பாதையில் பின்னோக்கி 25 நாள் கூட்டிப்போனார்கள்: மலேசியா, ஜோர்தான், ஈராக், கென்யா, கொங்கோ என்று. படகுகளைத் திருப்பு என்று தேர்தல் மேடைகளில் கத்திய காலம் அது. அந்த ஆறு பேரில் சிலர் கடைசிவரை மாறவே இல்லை, அதை மறைக்காமல் அப்படியே காட்டியது எனக்குப் பிடித்தது. அடுத்த நாள் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே கதை. அதுவரை என்னிடம் ஊரைப்பற்றி ஒன்றும் கேட்டிராத ஒருவர், நீ எப்படி வந்தாய் என்று முதல்முறை கேட்டார். நான் விமானத்தில், முறையான விசாவோடு வந்தவன் என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் போலிருந்தது!

சமையலுக்குத் தனிச் செனலே உண்டு, எஸ்பிஎஸ் ஃபூட். இலங்கையில் சிறுவயதைக் கழித்த பீட்டர் குருவிட்ட நம் நாட்டைச் சுற்றிச் சமைத்த தொடரை அவுஸ்திரேலிய வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது ஒரு சுகம், ஒரு சித்திரவதை. நல்ல சம்பலுக்கு எங்கே போவது?

குறைகளும் உண்டு. நிகழ்ச்சிகளுக்கு நடுவில் விளம்பரம் போடுவது 2006இல் தொடங்கியது. முந்தி நிகழ்ச்சி முடிந்தபின்தான் வரும். சட்டப்படி மணித்தியாலத்துக்கு ஐந்து நிமிடம்தான் என்பதால் மற்றச் செனல்களை விடப் பரவாயில்லை, ஆனாலும் உருக்கமான இடத்தில் கார் விளம்பரம் வந்து நின்றால் கடுப்பாகும். இன்னொன்று, மாலை ஏழரைக்குப் பின் பிரதான செனலில் பிரித்தானிய இரயில் பயணம், பழைய மாளிகை, உலகப்போர் ஆவணப்படம் என்று ஆங்கிலம் வழிய ஆரம்பித்துவிட்டது. நல்ல படங்கள்தான், ஆனால் அதைக் காட்ட வேறு செனல் இல்லையா? வேற்றுமொழித் தொடர்களெல்லாம் இப்போது ஒன்டிமாண்டுக்கு, அதாவது விரும்பிய நேரத்தில் இணையத்தில் பார்க்கும் எஸ்பிஎஸ் சேவைக்கு, போய்விட்டன, தேடத் தெரிந்தவர்களுக்குப் புதையல், மாமி போன்றவர்களுக்கு எட்டாது.

தமிழ்? ரீவியில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வேர்ல்ட்வொட்ச் என்று 2022 மே மாதம் தொடங்கிய 35ஆம் இலக்கச் செனலில் உலகச் செய்திகள் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வரும். தமிழுக்குச் சென்னையிலிருந்து பாலிமர் செய்தி. சென்னை மழையும் தமிழக அரசியலும்தான் அதில் அதிகம், யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் தேடாதீர்கள். நம் கதைக்கு எஸ்பிஎஸ் தமிழ் வானொலிதான் சரி. புதிதாக வந்தவர்களுக்கு வாடகைச் சட்டம், வரி, தடுப்பூசி என்று விளங்கப்படுத்துகிறார்கள், 1975இல் தொடங்கிய அதே வேலை.

கொழும்பிலிருந்து ஒன்டிமாண்ட் திறக்காது, ஒளிபரப்பு உரிமை அவுஸ்திரேலியாவுக்குள் மட்டும். தமிழ் வானொலியின் பொட்காஸ்ட் தடையில்லாமல் கிடைக்கும், காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நான் கேட்பது அதைத்தான்.

போகிறவர்களுக்கு: மாதக் கட்டணம் கிடையாது, சாதாரண அன்டெனா போதும். 30 பிரதான செனல், 32 உலகத் திரைப்படங்கள், 33 சமையல், 34 பூர்வகுடிகளின் செனல், 35 செய்திகள். மாலை ஆறரைக்கு ஆங்கிலத்தில் உலகச் செய்தி, இலங்கையில் ஏதும் நடந்தால் அங்கேதான் முதலில் வரும். ஒன்டிமாண்டுக்கு ஒரு இலவசக் கணக்கு வேண்டும், மகன் வேலைக்குப் போக முன் அவரைக்கொண்டு திறந்து வைத்துவிடுங்கள். பின்னேரம் பேரப்பிள்ளை வந்தால் ரிமோட் கையில் இருக்காது, பகலிலேயே பார்த்து முடியுங்கள்.