ட்யூபைக் கழற்றினாலும் பாடும் ட்யூப் ப்ரீஆம்ப்: 90 டாலர் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

90 டாலர் போய்விட்டது என்பது நேற்று ராத்திரி உறுதியானது. வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதுகிறேன். வீட்டு ஸ்டீரியோவுக்கு வார்ம் சவுண்ட் வேண்டும் என்று மலிவு விலை ட்யூப் ப்ரீஆம்ப் (ஆம்புக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும், கண்ணாடி வால்வு வைத்த பெட்டி) தேடுபவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

விற்றவர் பெயர் வேண்டாம். ஆளாளுக்குக் கடை விரித்திருக்கும் பெரிய ஆன்லைன் சந்தைகளில் ஒன்று. பொருள், உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி. மேலே இரண்டு 6ஜே1 ட்யூப், பின்னால் 12 வோல்ட் ஏசி அடாப்டர். "முழு ட்யூப் சர்க்யூட், ஓப்-ஆம்ப் கிடையாது" என்று விளம்பரம். ஓப்-ஆம்ப் என்றால் ட்யூப் இல்லாமலே சிக்னலைப் பெருக்கும் சிறு சிப்.

ஆர்டர் போடும் முன் சாட்டில் கேட்டது ஒரே கேள்விதான்: சிக்னல் ட்யூப் வழியாகப் போகிறதா, இல்லை ட்யூப் வெறும் அலங்காரமா? இரண்டே நிமிடத்தில் பதில்: "நூறு சதவீதம் ட்யூப்தான் சார், ஒவ்வொன்றையும் டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறோம்." கூடவே இருட்டில் எடுத்த ஒரு படம். இரண்டு ட்யூபும் ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று எரிகின்றன. அந்தப் படத்தை நம்பித்தான் 90 டாலர் கட்டியது. 6ஜே1-ஐ உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், சுமார் 0.17 ஆம்பியர்; ஒரு வாட்தான். அது கேத்தோடு (ட்யூப் நடுவில் சூடாகும் குழாய்) நுனியில் மங்கலான சிவப்புப் பொட்டாகத் தெரியும், அவ்வளவே. கண்ணாடி முழுக்க அடியிலிருந்து ஆரஞ்சாக ஜொலித்தால், சாக்கெட்டின் நடு ஓட்டையில் எல்இடி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பெட்டி வந்தது. லேசான ஹம் இரைச்சல், வால்யூமைக் குறைத்தால் இடது ஸ்பீக்கர் மட்டும் அமுங்கிப் போகிறது. புகார் சொன்னதும், "100 மணி நேரம் பர்ன்-இன் ஆகணும் சார், அப்புறம் பாருங்க." பர்ன்-இன் என்றால், புதுப் பெட்டியை ஓடவிட்டுப் பழக்குவதாம். தினமும் மூன்று மணி நேரம் ஓட்டினால் 100 மணி நேரத்துக்கு 34 நாள். ரிட்டர்ன் கெடு 30 நாள். இந்தக் கணக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நடுவில் இன்னொரு யோசனை வேறு: "ட்யூபை 5654-க்கு மாத்துங்க, சத்தம் திறந்துக்கும்." அது 6ஜே1-க்குப் பதிலாகப் போடக்கூடிய இன்னொரு ட்யூப், அதற்கு 20 டாலர். மாற்றியும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஏன் இல்லை என்பது கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பவரை அணைத்து, ட்யூப் ஆறிய பிறகு இரண்டையும் உருவிவிட்டு மறுபடி ஆன் செய்தால் பாட்டு அதே சத்தத்தில் பாடுகிறது! அடித்தட்டைத் திறந்தால் எட்டுக் கால் என்இ5532, ஓப்-ஆம்ப். மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் (இணைப்பு இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்துத் தொடர்ந்து போனால், இன்புட் ஜாக்கிலிருந்து வால்யூம் கன்ட்ரோலுக்கு, அங்கிருந்து ஓப்-ஆம்புக்கு, அங்கிருந்து நேரே அவுட்புட்டுக்கு. சாக்கெட்டின் 1-ஆம் பின், சிக்னல் வர வேண்டிய கிரிட், கிரவுண்டில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. 5-ஆம் பின்னில், அதாவது பெருக்கிய சிக்னல் வெளியே வரும் பிளேட்டில், 33 வோல்ட். 12 வோல்ட் ஏசிக்கு டபுளர் (அதன் உச்ச அளவை இரட்டிப்பாக்கும் சர்க்யூட்) போட்டால் 34 வோல்ட் சுமாருக்குத்தான் வரும். 120 வோல்ட்டில் ஓட வேண்டிய ட்யூப் இது. ஆனாலும் வோல்டேஜ் குறைவை மட்டும் மோசடி என்று சொல்ல மாட்டேன், அதிலும் ட்யூப் ஏதோ வேலை செய்யும். கிரிட்டைக் கிரவுண்டில் கட்டியதுதான் மோசடி. வார்ம் சவுண்ட் என்பது பெரும்பாலும் ட்யூப் சேர்க்கும் இரண்டாம் ஹார்மோனிக் (மூல ஒலியைப் போல இரண்டு மடங்கு அதிர்வெண் கொண்ட ஒலி). சிக்னலே தொடாத ட்யூப் எதைச் சேர்க்கும்?

முதல் வாரம் நன்றாக இருப்பது போலத் தோன்றியதற்குக் காரணம் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு. சத்தம் ஒரு டெசிபல் கூடினாலே காதுக்கு அது 'நல்ல சவுண்ட்' ஆகிவிடும். சத்த அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடவே கூடாது.

விற்றவருக்குப் படங்களோடு மறுபடி எழுதினால் முதலில் "உங்க ஆம்ப் செட் ஆகல," அப்புறம் "கேபிளை மாத்திப் பாருங்க," கடைசியில் "பெட்டியைத் திறந்ததால் வாரன்ட்டி இல்லை." தளத்தின் உதவி மையமோ கெடு முடிந்துவிட்டது என்ற ஒரே பதிலை மூன்று முறை ஒட்டி அனுப்பியது. 90 டாலர், ட்யூபுக்கு 20, மொத்தம் 110 டாலர்.

பொறுமையாக எழுத மனமில்லை, அவசரத்துக்கு இவ்வளவு. வந்த அன்றைக்கே பவரை அணைத்து, ட்யூப் ஆறிய பிறகு இரண்டையும் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள், பாடினால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். 100 வோல்ட்டுக்கு மேல் ஓடும் நிஜ ட்யூப் பெட்டி என்றால் அணைத்த பிறகும் கெபாசிட்டரில் கரன்ட் நிற்கும், உள்ளே கை வைக்காதீர்கள். வாங்கும் முன் போர்டின் அடிப்பக்கப் படம் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள். ட்யூப் உச்சியில் வெள்ளிப் பூச்சு வெள்ளையாக வெளுத்திருந்தால் வாக்குவம் போய்விட்டது. அவுட்புட் கெபாசிட்டர் 0.47 மைக்ரோஃபாரட், உங்கள் ஆம்ப் இன்புட் 10 கிலோஓம் என்றால் 34 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே பேஸ் (தாழ்ந்த ஒலிகள்) விழுந்துவிடும், அதையும் முன்பே கேட்டுவிடுங்கள். பர்ன்-இன் என்று எவன் சொன்னாலும் முதலில் ரிட்டர்ன் தேதியைப் பாருங்கள்.