மோஷன் டெஸ்ட்டா, கொலனோஸ்கோபியா? இரண்டும் செய்து பார்த்த பிறகு

பெருங்குடல் புற்று இருக்கிறதா என்று பார்க்க, ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபியைப் போன ஜூன் மாதம் செய்துகொண்டேன். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 50 முடிந்த கையோடு, இதே புற்றுக்காக மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட்டும் செய்திருக்கிறேன். எதைச் செய்யலாம் என்று அலுவலகத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என் சாய்வு கொலனோஸ்கோபி பக்கம், அதற்குப் பெரிய காரணம் ஒன்றே ஒன்றுதான்.

அதற்கு முன்னால் ஒன்று. இந்த ஒப்பீடு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு மட்டும். மோஷனில் ரத்தம், கருப்பாகப் போவது, வாரக்கணக்கில் மாறிப்போன பழக்கம், போய்விட்டு வந்தும் முழுதாகப் போகவில்லை என்ற உணர்வு, காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஏதாவது இருந்தால் எந்த டெஸ்ட் என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது, நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் எங்கள் தெரு அண்ணன் ஒருவர். 55 வயது. காலையில் ரத்தம் போகிறது என்று அவரே ஒருநாள் சொன்னார். டாக்டரைப் பாருங்கள் என்றதற்கு, "மூலம்தான் தம்பி, வெயில்ல அலையறோம்ல, உடம்புச் சூடு" என்றார். ஊறவைத்த வெந்தயம், துத்திக்கீரை, வாரம் இரண்டு நாள் கருணைக்கிழங்கு. சுவர் விளம்பரம் பார்த்து ஒரு மூலம் பௌத்திரம் கிளினிக்குக்கும் போய் வந்தார். எட்டு மாதம் ஓடிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.8. "ஆம்பளைக்கு இந்த வயசுல ரத்தம் இப்படிக் குறைஞ்சா உள்ளே எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம்" என்று ஒரு டாக்டர் கொலனோஸ்கோபிக்கு அனுப்பினார். பெருங்குடலின் கடைசி வளைவில் கட்டி. ஆபரேஷன், ஆறு மாதம் கீமோ, இப்போது நன்றாக இருக்கிறார். அவருக்கு மூலமும் நிஜமாகவே இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மூலம் இருப்பதால் வேறு எதுவும் இல்லை என்று ஆகிவிடாது.

சரி, ஃபிட். லேபில் ஒரு சின்னக் குப்பி தருவார்கள். மூடியிலேயே ஒரு குச்சி, நுனியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். மலத்தில் நாலைந்து இடத்தில் குத்தியெடுத்துத் திரும்பச் சொருகினால் வேலை முடிந்தது. தண்ணீர் படாமல் எடுப்பது மட்டும்தான் சிரமம், பழைய பேப்பரை விரித்துச் சமாளித்தேன். மனித ரத்தத்தை மட்டும் அடையாளம் காணும் டெஸ்ட் என்பதால் பத்தியம் கிடையாது. பழைய முறை ஒன்று இன்னும் சில லேபில் இருக்கிறது, அதற்கு முன்பு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, வைட்டமின் சி மாத்திரை எல்லாம் நிறுத்த வேண்டும். எந்த முறை என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது. எனக்கு 700 ரூபாய் ஆனது.

உள்ளே புற்று இருந்தால் ஒரு தடவை செய்யும் ஃபிட் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்குக் கண்டுபிடித்துவிடும். அது குறைவில்லை. ஆனால் பாலிப் என்று குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை உண்டு, பின்னால் புற்றாகக்கூடிய பெரிய பாலிப்புகளில் நாலில் ஒன்றைத்தான் பிடிக்கும், ஏனென்றால் பாலிப் தினமும் ரத்தம் கசிவதில்லை. பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருஷம்போல ஆகும், பெரும்பாலானவை மாறுவதே இல்லை. அதனால் வருஷா வருஷம் ஃபிட் செய்தால் இந்த முறை தவறியது அடுத்த முறை மாட்டும். அதன் பலமே திரும்பத் திரும்பச் செய்வதில்தான் இருக்கிறது.

என் விஷயத்தில் இங்கேதான் எல்லாம் முடிவானது. முதல் வருஷம் நெகட்டிவ். ரிப்போர்ட்டை ஃபைலில் வைத்தேன். அடுத்த வருஷம் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அதற்கடுத்த வருஷம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஆபரேஷன். ஃபைலைத் தற்செயலாகத் திறந்தபோது மூன்று வருஷம் போயிருந்தது, இடையில் ஒரு போன் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயதுவரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் குப்பி தபாலில் வீட்டுக்கே வருகிறது, திருப்பி அனுப்பாவிட்டால் நினைவூட்டலும் வரும். நெதர்லாந்திலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு. நம் நாட்டில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனையில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுதான் இருக்கின்றன, பெருங்குடல் அதில் இல்லை. அதனால் ஞாபகம் வைத்துக்கொள்ளும் பொறுப்பு முழுக்க நம் தலையில். பத்து வருஷத்தில் பத்து தடவை நானாக எழுந்து லேபுக்குப் போவேனா என்று கேட்டுக்கொண்டேன். மாட்டேன் என்பதற்கு அந்த ஃபைலே சாட்சி. கொலனோஸ்கோபி சுத்தமாக வந்தால் அடுத்தது பத்து வருஷம் கழித்துத்தான். இன்னொன்று, ஃபிட் பாசிட்டிவ் வந்தாலும் கடைசியில் போக வேண்டியது கொலனோஸ்கோபிக்குத்தான். பாசிட்டிவ் வந்ததும் 'மூலமாக இருக்கும், இன்னொரு தடவை கொடுத்துப் பார்ப்போம்' என்பவர்களைப் பார்க்கிறேன், அது தப்பு. ஒரு பாசிட்டிவ் போதும்.

கொலனோஸ்கோபியில் குழாய் உள்ளே போவது தெரியவே இல்லை, ஊசி போட்டதும் தூங்கிவிட்டேன். கஷ்டம் முந்தின நாள்தான். ஒரு வாரம் முன்பே இரும்புச்சத்து மாத்திரை நிறுத்தம். இரண்டு நாள் முன்பிருந்து கீரை, கேழ்வரகு, கொய்யா, விதையுள்ள காய் எதுவும் கூடாது. இட்லியும் வெள்ளைச் சாதமும்தான். முந்தின நாள் இளநீர், பால் விடாத டீ, வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ். மாதுளை, பீட்ரூட் வேண்டவே வேண்டாம், உள்ளே ரத்தம்போலத் தெரியும். அப்புறம் இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்த பவுடர், பாதி ராத்திரி, பாதி விடியற்காலை. உப்புக்கரிக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து, எலுமிச்சைத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு குடித்தேன். கடைசியில் வெறும் இளமஞ்சள் தண்ணீர்தான் போக வேண்டும். விடியற்காலைப் பாதியைத் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிடாதீர்கள். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் பாலிப் மறைந்துகொள்ளும், திரும்பச் செய்யச் சொல்வார்கள், பத்து வருஷ நிம்மதி என்ற கணக்கே அடிபட்டுவிடும். ரிப்போர்ட்டில் குடல் எவ்வளவு சுத்தம் என்பதற்குப் பாஸ்டன் ஸ்கோர் என்று ஒன்பதுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், எனக்கு 8. பெருங்குடல் தொடங்கும் இடம்வரை, அதாவது குடல்வால் வாய்வரை போனார்களா, குழாயை வெளியே எடுக்கும்போது குறைந்தது ஆறு நிமிஷமாவது பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

எனக்கு 7 மில்லிமீட்டரில் ஒரு பாலிப் இருந்தது. போட்டோவில் காட்டினார்கள், சின்னப் பட்டாணி அளவு, இளஞ்சிவப்பு. அங்கேயே கம்பி வளையம் போட்டு எடுத்துவிட்டார்கள். பயாப்ஸியில் அடினோமா, அதாவது பின்னால் புற்றாகக்கூடிய வகைப் பாலிப், ஆனால் புற்று இல்லை. அடுத்தது ஏழு வருஷம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். மூன்று வருஷம் முன்பு ஃபிட் அதைத் தவறவிட்டதா, அல்லது அப்போது அது இல்லவே இல்லையா என்று தெரிய வழியில்லை, அதனால் இதை ஃபிட்டுக்கு எதிரான சாட்சியாக நான் வைக்கவில்லை. செலவு பயாப்ஸியோடு 11,000 சொச்சம். ஒருநாள் லீவு, கூட ஒரு ஆள். பத்து ஃபிட் 7,000 என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

என் சாய்வுக்கு எதிராக இருப்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் 57,000 பேருக்கு மேல் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை ஒரு தடவை கொலனோஸ்கோபிக்கும் இன்னொன்றை இரண்டு வருஷத்துக்கு ஒரு ஃபிட்டுக்கும் அழைத்தார்கள். 2025ல் வந்த முடிவின்படி பத்து வருஷத்தில் பெருங்குடல் புற்றால் இறப்பு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே, ஃபிட்டுக்கு வந்தவர்கள் அதிகம். ஆனால் அங்கே அழைப்பு வீடு தேடி வந்தது, நான் சொல்வதும் அதைத்தான். கொலனோஸ்கோபியில் ஆபத்தும் உண்டு. 10,000 பேரில் மூன்று நான்கு பேருக்குக் குடலில் ஓட்டை விழலாம், பாலிப் எடுத்த இடத்தில் ரத்தம் கசிவது அதைவிடப் பல மடங்கு அதிகம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதயம் சிறுநீரகம் பலவீனமானவர்கள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடிவெடுக்க வேண்டும், அவர்களில் பலருக்கு ஃபிட்தான் பொருத்தம். எனக்குச் சர்க்கரை கிடையாது. சர்க்கரை உள்ளவர்கள் அந்தப் பட்டினி நாளில் மருந்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. சிடி ஸ்கேன் முறைக்கும் அதே பவுடர் குடிக்க வேண்டும், ஏதாவது தெரிந்தால் திரும்பக் கொலனோஸ்கோபி. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சேர்த்துத் தரும் சி.இ.ஏ. ரத்த டெஸ்ட் இதற்கானது இல்லை, அது நார்மல் என்று நிம்மதி அடைய வேண்டாம். வயதைப் பொறுத்தவரை, பரிசோதனை தொடங்கும் வயதை அமெரிக்காவில் 2021ல் 50லிருந்து 45 ஆக இறக்கினார்கள். பெற்றோர், கூடப்பிறந்தவர் யாருக்காவது பெருங்குடல் புற்று 60 வயதுக்குள் வந்திருந்தால் 40 வயதிலோ, அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்போ, எது முந்தியோ அப்போதே கொலனோஸ்கோபி. எங்கள் தெரு அண்ணனின் பிள்ளைகள் இருவருக்கும் 40லேயே என்று சொல்லியிருக்கிறார்கள். சிகரெட், மது, தொப்பை, உட்கார்ந்தே இருப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். சாசேஜ், பேக்கன் மாதிரிப் பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. நான் காலை நடையும் ராத்திரிக்குக் கேழ்வரகும் ஆரம்பித்திருக்கிறேன்.

என் மனைவிக்கு 49. மயக்க ஊசி என்றாலே பயம், அதனால் ஃபிட்தான் செய்கிறாள். புதுத் தினசரி காலண்டர் மாட்டும் அன்றே பொங்கல் முடிந்து வரும் திங்கட்கிழமைத் தாளில் 'குப்பி' என்று பேனாவால் எழுதிவிடுவாள். இரண்டு வருஷமாக அந்தத் தாள் கிழிபட்ட அன்றே லேபுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறாள். அவளிடம் கொலனோஸ்கோபி பற்றி நான் பேசுவதில்லை.