850ஆ, 940ஆ: ட்ரெயில் கமராவுக்கு எந்த ஒளி?

கொழும்புச் சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனையைக் கவனிக்க ட்ரெயில் கமரா (விலங்கு முன்னால் வந்தால் தானாகவே படமெடுக்கும் கமரா) தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இதில்தான்: இருட்டில் படமெடுக்கக் கமரா வீசும் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம் 850 நானோமீட்டரா, 940ஆ?

தூரம்: 850 இருட்டிலும் எட்டத்தில் இருப்பதைத் தெளிவாக எடுக்கும். 940இல் வெளிச்சம் குறைவு, ஓடும் விலங்கு படத்தில் கலங்கித்தான் விழும்.
வெளித்தெரிவது: 850 எரியும்போது மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். 940 நம் கண்ணுக்குத் தெரியாது.
விலை: 940 பெரும்பாலும் கொஞ்சம் கூட.

நடத்தையை ஆராய்வதென்றால் எனக்கு ஒளி வெளித்தெரிகிறதா என்பதுதான் முக்கியம். கால்வாய் ஓரம் குந்தியிருந்து தண்ணீரைப் பாதத்தால் மெல்லத் தட்டும் பூனை, சிவப்பைக் கண்டு தலையைத் திருப்பிவிட்டால் கமராவைப் பார்க்கும் பூனைதான் உங்களுக்குப் பதிவாகும், மீன் பிடிக்கும் விதம் கிடைக்காது. வீடுகளுக்கு நடுவே உள்ள ஈரநிலத்தில் கமரா களவு போகாமலிருக்கவும் 940 நல்லது.

எந்த விலங்கு, எத்தனை மணிக்கு வருகிறது என்பது மட்டும் போதும், இடமும் திறந்தவெளி என்றால் 850 எடுங்கள்.

சரி, எதுவானாலும் நம் ஈரக்காற்றுக்குப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை வேண்டும், லித்தியம் பற்றரி போடுங்கள், அப்புறம் ஆராய்ச்சி என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முதலே எடுத்துவிடுங்கள்.