கூத்துப் பதிவுகளுக்கு ஒரு மெய்நிகர் நாஸ்: காட்பாடி வெயிலில் சில ஆண்டுகள்

ஒரே பெட்டியில் பல மெய்நிகர் கணினிகளை (மென்பொருளால் உருவாக்கிய கணினிகளை) ஓட்டி, அவற்றில் ஒன்றையே நாஸாக, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைத் தரும் சேமிப்பகமாக, வைத்துக்கொள்ளலாமா? சில ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டிவருகிறேன். தாராளமாக வைக்கலாம். ஆனால் டிஸ்குகள் யார் கையில் இருக்கின்றன என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. டிஸ்குகளைக் கழற்றி, இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை தெரிந்த வேறு ஏதாவது ஒரு கணினியில் செருகினால் தரவு அப்படியே திறக்க வேண்டும். என் அமைப்பின் எல்லா முடிவுகளும் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சரக்கு. எங்கள் வட ஆர்க்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். ஆரணி, செய்யாறு ஊர்ப்பக்கங்களில் அப்பா மினி டிவி (MiniDV) வீடியோ கேசட்டில் பிடித்தவை நிறைய இருக்கின்றன. ஒரு மணி நேரக் கேசட் கணினியில் ஏறினால் சுமார் 13 ஜிபி. இப்போது நான் எடுப்பது 4கே. வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. கட்டியங்காரன் வந்ததிலிருந்து விடியும்வரை எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு கேமராவுக்கு 360 ஜிபி, இரண்டு கேமராவுக்கு 720 ஜிபி. ஒரே இரவில்! அப்பா பதிவு செய்த வாத்தியார்கள் சிலர் இன்று இல்லை. அவர்கள் குரல் அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது.

பெட்டி, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய வொர்க்ஸ்டேஷன். பிழையைத் தானே திருத்தும் இசிசி ராம் 32 ஜிபி. அடியில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ், அதற்குள் ஒரு மெய்நிகர் கணினியாக, நாஸுக்கான இயங்குதளமான ட்ரூநாஸ். இரண்டு எஸ்எஸ்டிகள் மிரராக (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி) இணைந்து ப்ராக்ஸ்மாக்ஸையும் மெய்நிகர் கணினிகளின் இயங்குதளங்களையும் தாங்குகின்றன. பெரிய ஹார்ட் டிஸ்குகள் நான்கும் எல்எஸ்ஐ 9207-8i என்ற எச்பிஏ கார்டில் (டிஸ்குகளைக் கணினியோடு இணைக்கும் கார்டு) தொங்குகின்றன. அந்தக் கார்டு முழுவதையும் பாஸ்த்ரூ மூலம், அதாவது மெய்நிகர் கணினியே நேரடியாக ஆளும்படி, ட்ரூநாஸிடம் ஒப்படைத்துவிட்டேன். ப்ராக்ஸ்மாக்ஸ் அந்த நான்கு டிஸ்குகளைத் தொடுவதே இல்லை.

டிஸ்குகளைக் கோப்பு வடிவ மெய்நிகர் டிஸ்குகளாக மாற்றிக் கொடுப்பது எளிது என்று பலர் அந்த வழியில் போகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிச் செய்தால் டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் விவரங்கள் ட்ரூநாஸுக்குத் தெரியாது. எழுதியது உண்மையிலேயே தட்டில் பதிந்ததா என்பதற்கும் அது நடுவில் இருக்கும் அடுக்குகளின் வார்த்தையை நம்பியே இருக்க வேண்டும். கார்டையே கொடுத்துவிட்டால் நடுவில் யாரும் இல்லை. பாஸ்த்ரூவுக்குத் தேவையான ஐஓஎம்எம்யூ வசதி மதர்போர்டில் இருக்கிறதா, கார்டு அதில் தனிக் குழுவில் விழுகிறதா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். பெட்டி துவங்கும்போதே அந்தக் கார்டைப் பாஸ்த்ரூவுக்கான விஎஃப்ஐஓ டிரைவரிடம் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ப்ராக்ஸ்மாக்ஸும் பூலை (நான்கு டிஸ்குகளும் சேர்ந்த ஒரே சேமிப்பிடத்தை) பார்த்துத் திறந்துவிட இடமிருக்கிறது. ஒரே பூலை இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் திறந்து எழுதினால் அந்தப் பூல் சிதைந்துவிடும். ராம் கணக்கும் மாறும். பாஸ்த்ரூ உள்ள மெய்நிகர் கணினிக்கு ஒதுக்கிய ராம் முழுவதும் அதற்கே பூட்டப்பட்டுவிடுகிறது; நான் 16 ஜிபி கொடுத்திருக்கிறேன்.

இனி டிஸ்குகளை அடுக்கும் விஷயம். நான்கு 8 டிபி டிஸ்குகள் இருந்தால் ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்ட்இசட்1 என்ற இசட்எஃப்எஸ் அடுக்கில் 24 டிபி கிடைக்கும், ரெய்ட்இசட்2இல் 16, இரண்டு மிரர்களாகப் போட்டாலும் 16. இடம் ஒன்றே என்னும்போது எந்த இரண்டு டிஸ்குகள் போனாலும் தாங்கும் ரெய்ட்இசட்2 தானே மேல் என்று தோன்றும். தாங்கும் கணக்கில் அது மேல்தான். மிரரில் ஒரே ஜோடியின் இரண்டு டிஸ்குகளும் போனால் பூலே போய்விடும். இருந்தும் மிரரைத்தான் எடுத்தேன், மறுபடி கட்டினாலும் அதையே எடுப்பேன். ஒரு டிஸ்க் போனால் அதன் ஜோடியிலிருந்து, அதுவும் நிரம்பிய அளவை மட்டும், நகலெடுத்தால் போதும். அந்நேரம் மற்ற ஜோடிக்குக் கூடுதல் சுமை இல்லை. பெரிதாக்கும்போது இரண்டிரண்டாக வாங்கலாம். தீபாவளி போனஸில் இரண்டு டிஸ்க் வாங்குவது குடும்பத்தில் நடக்கும் காரியம், நான்கு வாங்குவது நடக்காது. ஓபன்இசட்எஃப்எஸ் 2.3இலிருந்து ரெய்ட்இசட்டிலும் ஒவ்வொரு டிஸ்காகச் சேர்க்க முடிகிறது என்பது உண்மை. ஆறு டிஸ்க் போட இடமும் பணமும் இருப்பவர்கள் ரெய்ட்இசட்2 போடட்டும்.

பூலில் வீடியோவுக்கென்று பிரித்த பகுதிக்கு (டேட்டாசெட்) ரெகார்டுசைஸை, அதாவது ஒரே துண்டாக எழுதும் அதிகபட்ச அளவை, 1 எம்பி ஆக்கியிருக்கிறேன். ஆவணங்களுக்கு இயல்பான 128 கேபி. பூலை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை.

டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று உறுதிசெய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால் சிறு மாற்றத்துக்கும் பக்கத்துத் தடங்களைத் திருப்பி எழுத வேண்டியிருக்கிறது. பழுதான டிஸ்குக்குப் பதில் புதியதை நிரப்பும் வேளையில் இது பெரும் தொல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020இல்தான் வெளியே தெரிந்தது. அதன்பிறகே சிஎம்ஆர் டிஸ்குகளுக்கு ரெட் பிளஸ் என்ற தனிப்பெயர் வந்தது. ஒரு ஜோடியின் இரண்டு டிஸ்குகளையும் ஒரே கடையில் ஒரே நாளில் நான் வாங்குவதில்லை. வந்த டிஸ்கை உடனே பூலில் சேர்ப்பதும் இல்லை. பேட்பிளாக்ஸ் மென்பொருளால் டிஸ்க் முழுவதும் எழுதிப் பார்க்கும் சோதனை 8 டிபிக்கு நான்கு நாட்களுக்கு மேல் ஓடும். ஓடட்டும். அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு.

வேலூர் வெயிலைப் பற்றி எந்த வழிகாட்டியும் எழுதுவதில்லை. கத்திரியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஏசி இல்லாத அறையில், முன்பக்கம் மின்விசிறி இல்லாமல் இருந்தால் டிஸ்குகள் 50ஐத் தாண்டிவிடும். இரண்டு 120 எம்எம் விசிறிகள் டிஸ்குகளின்மேல் நேராக ஊதும்படி வைத்தபிறகு மே மாதப் பகலிலும் 45ஐ ஒட்டியே நிற்கின்றன. பலர் மறப்பது எச்பிஏ கார்டை. சர்வர்களின் பலமான காற்றோட்டத்துக்காகச் செய்யப்பட்ட பொருள் அது. வீட்டுப் பெட்டியில் கொதிக்கும். அதன் ஹீட்சிங்கில் 40 எம்எம் விசிறி ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். பூலில் உள்ளதையெல்லாம் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் மாதம் ஒரு முறை, அதுவும் இரவில். மொட்டைமாடிக்கு நேர்கீழ் அறையில் பெட்டியை வைக்காதீர்கள். அந்தத் தளம் நள்ளிரவுவரை சூட்டைக் கக்கும்.

மின்தடைக்கு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. அதன் பேட்டரி தீரப்போவதை அது கணினிக்குச் சொல்லாது. யூஎஸ்பி இணைப்புள்ள சிறு யூபிஎஸ் ஒன்று இருந்தால் ப்ராக்ஸ்மாக்ஸில் நட் மென்பொருள் அதைக் கவனித்து எல்லாவற்றையும் முறையாக நிறுத்திவிடும். துவங்கும்போது ட்ரூநாஸ் முதலில், அதை நம்பியிருக்கும், வீடியோ பார்க்க உதவும் ஜெல்லிஃபின் முதலியவை சில நிமிடம் கழித்து. நிறுத்தும்போது இந்த வரிசை தலைகீழாகும். செலவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். என் பெட்டி சராசரியாக 65 வாட் இழுக்கிறது, இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 94 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசத்தைக் கிட்டத்தட்ட இதுவே தின்றுவிடுகிறது.

ஒரு முறை செக்சம் பிழைகள் (எழுதியதும் படித்ததும் பொருந்தாத பிழைகள்) வந்தன. ஸ்மார்ட் பட்டியலில் தரவு கடத்தும் பிழைகளைக் காட்டும் 199ஆம் எண் மட்டும் ஏறியிருந்தது, டிஸ்கில் கெட்ட இடங்களைக் காட்டும் 5ம் 197ம் சுழியத்தில் நின்றன. அப்படியானால் குறை கேபிளில், மாற்றியதும் சரியானது. பெரிய சோதனை வந்தது மதர்போர்டு செத்தபோது. எச்பிஏ கார்டையும் நான்கு டிஸ்குகளையும் வீட்டிலிருந்த இன்னொரு கணினிக்கு மாற்றி, பென்டிரைவிலிருந்து ட்ரூநாஸை நிறுவிப் பூலை இம்போர்ட் செய்தேன். அன்று மாலையே எல்லாக் கோப்புகளும் திறந்தன. நாஸை மெய்நிகராக வைத்திருந்ததால் மீட்பில் ஒரு படிகூடக் கூடவில்லை.

ப்ராக்ஸ்மாக்ஸின் பேக்கப் ட்ரூநாஸின் 32 ஜிபி துவக்க டிஸ்கை மட்டுமே எடுக்கும். பாஸ்த்ரூவில் இருக்கும் பூலை எடுக்காது. மிரரும் பேக்கப் ஆகாது, அழித்த கோப்பு இரண்டு டிஸ்கிலும் சேர்ந்தே அழியும். ஆகவே ஸ்னாப்ஷாட்டுகளை (அந்தந்த நேரத்து நிலையின் பதிவுகளை) ஒரு வெளி டிஸ்குக்கு அனுப்பி, மாதாமாதம் ஆரணியில் அக்கா வீட்டு பீரோவில் வைத்துவிட்டு, அங்கிருக்கும் பழையதை எடுத்து வருகிறேன். "மச்சான், இந்த மாதப் பெட்டி எங்கே?" என்று மாமாவே இப்போது கேட்டு வாங்கி வைக்கிறார்.

பூல் 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பங்குனிக்குள் மூன்றாவது ஜோடி வர வேண்டும். 12 டிபியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை ரிச்சி தெருவிலும் இன்னொன்றை ஆன்லைனிலும் வாங்குவேன்.