எம்சிபி, ஆர்சிசிபி, ஸ்மார்ட் பிரேக்கர்: எதை எங்கே மாட்டுவது?

வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் கேட்டார்: "ஸ்மார்ட் பிரேக்கர் வந்துடுச்சே, டிபி பாக்ஸ் முழுக்க அதையே மாட்டிடலாமா?" டிபி பாக்ஸ் என்பது வீட்டுக்குள் வரும் கரண்டை ஒவ்வொரு லைனாகப் பிரித்துவிடும் பெட்டி. வேண்டாம் என்றேன். எம்சிபி, ஆர்சிசிபி, போனிலிருந்தே இயக்கும் ஸ்மார்ட் பிரேக்கர், மூன்றுக்கும் வேலை வேறு வேறு.

எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக இறங்கும் ஸ்விட்ச். அது காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு இருக்கும். லோடு கூடினால் அது சூடேறி வளைந்து லீவரைத் தட்டிவிடும். ஷார்ட் ஆனால் அத்தனை நேரம் பொறுக்க முடியாது. அதற்குத் தனியாக ஒரு காயில் (கம்பிச் சுருள்), கண்ணிமைக்கும் முன் இழுத்துவிடும். எவ்வளவு கரண்டில் காயில் இழுக்கும் என்பதை 'டைப்' சொல்லும்; 'சி' டைப் 16 ஆம்ப் எம்சிபியில் இந்தக் காயில் வேலை செய்ய 80 முதல் 160 ஆம்ப் வரை ஓட வேண்டும். வெறும் 23 ஆம்ப் ஓடினால் தகடு நிதானமாகத்தான் வளையும், ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று 16-ஐக் கழற்றி 32-ஐ மாட்டுகிறார்களே, அது வயரைக் கொளுத்துகிற வேலை.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்புகிறதா என்று மட்டும் அது பார்க்கும். 30 மில்லி ஆம்ப் வழியில் எங்கோ கசிந்தால் போதும், கட். 16 ஆம்போடு ஒப்பிட்டால் அது ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஈரக் கையோடு கீசரைத் தொட்டு ஷாக் அடிக்கும்போது உடம்பு வழியாகப் போகும் கரண்டை எம்சிபி கண்டுகொள்ளவே செய்யாது. ஆனால் ஆர்சிசிபிக்கு ஓவர்லோடு தெரியாது. அதனால் இரண்டும் வேண்டும், அல்லது இரண்டையும் சேர்த்த ஆர்சிபிஓ வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு ஐப்பசி மழையில் ஆர்சிசிபி நிற்கவே இல்லை. தூக்கிவிட்டால் விழும். வந்த எலக்ட்ரீஷியன், "இதைக் கழட்டிட்டு டைரக்டா கொடுத்துடலாம் சார்" என்றார். நான் விடவில்லை. ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்த்தோம். மொட்டைமாடி லைட் ஹோல்டருக்குள் எறும்பு மண்ணும் மழைத் தண்ணீரும் சேர்ந்து கிடந்தன. துணி காயப்போடும் கம்பி அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

சரி, ஸ்மார்ட் பிரேக்கர். கரண்டையும் வோல்ட்டேஜையும் அளக்கும் சென்சார், கணக்குப் பார்க்கும் ஒரு சிப், அது சொன்னதும் லைனை வெட்டும் ரிலே அல்லது சின்ன மோட்டார், அப்புறம் வைஃபை. எம்சிபியால் முடியாத சில காரியங்கள் இதில் நடக்கும். த்ரீ ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறலாம். ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் போய்விடும். வோல்ட்டேஜ் பாதுகாப்பு உள்ள மாடலில் 270 என்று வரம்பு வைத்தால் அதைத் தாண்டியதும் வெட்டிவிடும். கீசர் எத்தனை யூனிட் தின்கிறது என்றும் போனில் தெரியும். 2000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபி பில் வரும் நமக்கு, நடுவிலேயே கணக்குத் தெரிவது பெரிய உதவி.

வாங்கும்போது முகப்பில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் 6000 என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஷார்ட் ஆகும்போது 6000 ஆம்ப் வரை வெட்டும் திறன் அது. மலிவாக வரும் சிலவற்றில் வெறும் ரிலேதான் இருக்கும். ஷார்ட்டில் அதன் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் லைன் வெட்டாது. அதை எம்சிபிக்குப் பின்னால் வெறும் ஸ்விட்சாகத்தான் மாட்ட வேண்டும்.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: டிபி பாக்ஸில் எம்சிபியும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் முதலில். காசு மிஞ்சினால் கீசருக்கும் போர் மோட்டாருக்கும் மட்டும் ஸ்மார்ட். மோட்டார் லைனில் யாராவது கை வைக்கும்போது போனில் 'ஆஃப்' காட்டினால் போதாது. எங்கிருந்தோ ஒருவர் ஆன் செய்துவிடலாம், எம்சிபியையும் கையால் இறக்கிவிட வேண்டும்.